வேர் சிகிச்சைக்குப் பின் பல்லின் மேல் விழும் சுமை

ரூட் கெனால் எனப்படும் வேர் சிகிச்சை முடிந்ததும் பல் டாக்டர், "அடுத்த வாரம் வாருங்கள், கேப் போட அளவு எடுக்க வேண்டும்" என்கிறார். நம்மில் பலர் அந்த அடுத்த வாரத்தைத் தீபாவளிக்குப் பிறகு, பையனின் பரீட்சைக்குப் பிறகு, ஊருக்குப் போய் வந்த பிறகு என்று தள்ளிக்கொண்டே போகிறோம். வலி நின்றுவிட்டது, பல்லும் இருக்கிறது, மெல்லவும் முடிகிறது, இன்னும் ஒரு செலவு எதற்கு என்று தோன்றுவது இயல்புதான். இது பணம் பிடுங்கும் வழி என்றே நம் சங்கத்து அன்பர்கள் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வே ஒர்க்ஷாப்பில் அச்சு, சக்கரம், பேரிங் என்று சுமை தாங்கும் சாமான்களோடு பழகிய டிப்ளமா இஞ்சினியர். மருத்துவ விஷயங்களை என் பல் டாக்டரைத் துளைத்துக் கேட்டும், அவர் இரவல் கொடுத்த புத்தகங்களைப் படித்தும் தெரிந்துகொண்டேன். பல்லும் ஒரு கட்டுமானம்தான். அதன்மேல் எவ்வளவு சுமை, எந்தத் திசையில், எந்த இடத்தில் விழுகிறது என்று கேட்கத் தொடங்கினால் பாதி விளங்கிவிடும்.

முதலில் பல்லின் அமைப்பு. வெளியே தெரியும் வெண்மையான ஓடு எனாமல். நம் உடம்பில் இதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள். ஆனால் கடினமானது எல்லாம் உடையாதது என்று எண்ணிவிடக் கூடாது. வார்ப்பிரும்பும் கடினம்தான், ஓங்கி ஒரு சுத்தியல் போட்டால் தெறித்துவிடும். எனாமலுக்கு அடியில் டென்டின் என்ற மஞ்சள் நிறப் பகுதி. இதில் தாதுப்பொருள் 70 சதவீதம்தான். மீதி நார்ப்பொருளும் நீரும். அதனால் சற்று வளைந்து கொடுக்கும். டென்டினின் நடுவே ரத்தக் குழாய்களும் நரம்பும் கொண்ட பற்கூழ். வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத கனத்தில் ஒரு நார்ச்சவ்வு. தண்டவாளத்துக்கும் கான்கிரீட் ஸ்லீப்பருக்கும் நடுவில் ரப்பர் பேட் வைக்கிறோமே, அந்த வேலையை இது செய்கிறது. கூடவே சுமையை உணரும் வேலையும் இதற்கு உண்டு. இந்தச் சவ்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சொத்தை பற்கூழை எட்டிக் கிருமி புகுந்துவிட்டால் கூழை எடுத்தே ஆகவேண்டும். டாக்டர் பல்லின் மேற்புறம் துளையிட்டு, ஊசி போன்ற மெல்லிய அரங்களால் வேர்க்குழாய்களைச் சுரண்டி, ஹைபோகுளோரைட் கரைசலால் கழுவி, கட்டா பெர்ச்சா என்ற பொருளால் அடைக்கிறார். மலேயாப் பக்கத்து மரம் ஒன்றின் பால் இது. 1851ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்கு இதைத்தான் உறையாகப் போர்த்தினார்கள். கடல்நீரைக் கம்பிக்குள் விடாமல் காத்த சரக்கு, இன்று எச்சிலை வேருக்குள் விடாமல் காக்கிறது. தந்தி ஒழிந்தாலும் கட்டா பெர்ச்சா ஒழியவில்லை!

பட்ட மரமா?

வேர் சிகிச்சை செய்த பல் ஏன் எளிதில் உடைகிறது? ரத்த ஓட்டம் இல்லாததால் பட்டுப்போன மரம்போல் காய்ந்து நொறுங்குகிறது என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். கேட்கப் பொருத்தமாக இருக்கிறது, ஆனால் சோதனையில் நிற்கவில்லை. 1992ஆம் ஆண்டில், ஒரே ஆளின் சிகிச்சை செய்த பல்லையும் அதற்கு இணையாக மறுபக்கம் இருந்த உயிருள்ள பல்லையும் வைத்து வலிமையைச் சோதித்தார்கள். குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. கோளாறு பொருளில் இல்லை, பொருளை வெட்டியெடுத்த விதத்தில் இருக்கிறது.

இதற்கு 1989ஆம் ஆண்டில் நடந்த ஒரு சோதனை நல்ல கணக்குத் தருகிறது. பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்களைக் கருவியில் பூட்டி அழுத்தி, விறைப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். வேர் சிகிச்சைக்கான துளையால் மட்டும் குறைந்தது 5 சதவீதம்தான். பல்லின் மேல்தளத்தில் சொத்தைக்காகக் குழி எடுத்தபோது 20 சதவீதம். மேல்தளத்தோடு, பக்கத்துப் பற்களைத் தொடும் முன்புற, பின்புற வரம்புகள் இரண்டையும் வெட்டியபோது 63 சதவீதம்!

எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. நான்கு பக்கமும் பலகை அடித்த ஒரு மரப்பெட்டியை எண்ணிப் பாருங்கள். மூடியில் ஓட்டை போட்டால் பெட்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. எதிரெதிரே இரண்டு பலகைகளைக் கழற்றிவிட்டால், மீதி இரண்டும் அடியில் மட்டும் பிடிப்புள்ள தனிப் பலகைகளாக நிற்கும். நடுவில் ஓர் ஆப்பு இறங்கினால் இரண்டும் வெளிப்பக்கம் விரியும். கன்னத்தை ஒட்டிய சுவரும் நாக்கை ஒட்டிய சுவரும்தான் அந்த இரண்டு பலகைகள். ஆப்பு, மேல்பல்லின் முகடு, அல்லது நம் வீட்டுச் சீடை. இதில் இன்னொன்றும் சேர்கிறது. வேர் சிகிச்சைக்காகக் குழியைக் கூழறையின் தரை வரை ஆழமாக்கும்போது, அந்தச் சுவர்களின் உயரம் கூடிவிடுகிறது. ஒரு முனையில் மட்டும் பிடிப்புள்ள சட்டத்தின் நீளம் இரண்டு மடங்கானால், நுனியில் அதே சுமைக்கு வளைவு எட்டு மடங்கு. டிப்ளமா இரண்டாம் ஆண்டுப் பாடம் இது. ஆகவே பெரிய சொத்தையும் வேர் சிகிச்சையும் சேர்ந்த கடைவாய்ப்பல், ஒவ்வொரு கவளத்துக்கும் மயிரிழை அளவு விரிந்து மூடுகிறது. உலோகச் சோர்வு என்று நாங்கள் சொல்வது பல்லுக்கும் பொருந்தும். ஒரே அடியில் உடைவதில்லை. ஆயிரக்கணக்கான சிறு விரிவுகளுக்குப் பின் ஒருநாள் பிளக்கிறது.

போபாலில் இருக்கும் என் மைத்துனருக்கு இதுதான் நடந்தது. கீழ் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல். இரண்டு வரம்புகளும் பழைய அடைப்பில் போயிருந்தன. "அத்தான், வலியே இல்லாத பல்லுக்கு இன்னும் எட்டாயிரமா?" என்று போனில் சிரித்தார். எட்டு மாதம் கழித்து, கோகுலாஷ்டமிக்கு மறுநாள், டப்பாவில் மிஞ்சிய சீடையைக் கடித்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். வலி இல்லை. வலி சொல்லும் கூழ்தான் இல்லையே! நாக்கால் தடவியபோது பல்லின் ஒரு பாதி ஆடியது. பிளவு வேருக்குள் இறங்கியிருந்ததால் ஒட்டவும் வழியில்லை, கட்டவும் வழியில்லை. பிடுங்க வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் இம்பிளாண்ட் வைக்க அவருக்கு ஆன செலவு, கேப்பின் செலவைப்போல் நாலு மடங்குக்கு மேல்.

இது ஒருவர் கதை என்பீர்கள். 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 1,273 பற்களின் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வில், கடைவாய், முன்கடைவாய்ப் பற்களுக்கு முகடுகளை மூடும் கேப் போட்டதால் அவை நிலைத்தது தெளிவாகத் தெரிந்தது. முன்பற்களில் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. 2002ஆம் ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வில், கேப் போடாத பற்கள் போட்டவற்றைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. ஆகவே முன்பல் பெரும்பாலும் முழுசாக இருந்தால், துளையை நன்றாக அடைத்தாலே போதும். வரம்புகள் இரண்டும் உள்ள கடைவாய்ப்பல்லுக்கும் சில சமயம் டாக்டர் அப்படியே விடலாம் என்பார். எல்லாப் பல்லுக்கும் ஒரே விதி இல்லை.

உலக்கைப் பூண்

கேப் எப்படிக் காக்கிறது? உலக்கையின் நுனியில் இரும்புப் பூண் போடுவது மரம் பிளக்காமல் இருக்கத்தான். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றுவதும், நீராவி எஞ்சின் சக்கரத்துக்கு டயரைக் காய்ச்சி ஏற்றியதும் இதே தத்துவத்தின் பல வடிவங்கள். பூண் பிடிக்க வேண்டுமானால் உள்ளே மரம் இருக்க வேண்டும் அல்லவா? பல்லுக்கும் அப்படியே. ஈறுக்கு மேல் சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்காவது உறுதியான டென்டின் நிற்க வேண்டும். கேப்பின் விளிம்பு அதை இறுகக் கவ்வ வேண்டும். அந்த இரண்டு மில்லிமீட்டர் இல்லாமல், வெறும் சிமெண்ட் மேட்டின்மேல் வைத்த கேப் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், பூண் இல்லாத உலக்கைதான்.

மேலே பல் மிகவும் குறைந்துபோனால் வேருக்குள் ஒரு கம்பி நட்டு அதன்மேல் மேடு கட்டுகிறார்கள். போஸ்ட் என்பார்கள். கான்கிரீட்டுக்குள் கம்பி வைத்ததுபோல் பல் பலப்படும் என்று நாம் நினைப்போம். அது சரியல்ல. கம்பி மேட்டைப் பிடித்துக்கொள்ளத்தான். வேரை அது பலப்படுத்துவதில்லை. கம்பிக்காக வேரை மேலும் குடைந்தால் சுவர் மெலிந்து பலவீனமே ஆகும். விறைப்பான உலோகக் கம்பி, சுமையைத் தன் நுனியில் குவித்து வேரைப் பிளக்கவும் கூடும். ஃபைபர் கம்பி ஏறக்குறைய டென்டினைப் போலவே வளைவதால் அந்த ஆபத்து குறைவு. வேரின் அடிநுனியில் நாலைந்து மில்லிமீட்டராவது கட்டா பெர்ச்சா அடைப்பை விட்டுவைத்துத்தான் கம்பி இறங்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சை முடிந்ததும் வைக்கிற வெள்ளை நிறத் தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மேல் நம்பத் தக்கதல்ல. ஓரத்தில் எச்சில் கசிந்தால் கிருமி மறுபடி வேருக்குள் இறங்கும். கூரை ஒழுகும் வீட்டில் தரையை எத்தனை தடவை பூசினாலும் என்ன பயன்?

கண்ணாடி முன் ஒரு பாடம்

கேப் ஆயிற்று. இனி அது எதிர்ப்பல்லோடு எப்படிச் சந்திக்கிறது என்பது. டாக்டர்கள் ஆக்லூஷன் என்கிறார்கள்; நாம் கடிப்பொருத்தம் என்று வைத்துக்கொள்வோம். எனக்கு இதில்தான் அதிக ஆர்வம். ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பற்களை இயல்பாகச் சேர்த்துக் கடியுங்கள். மேல்வரிசை கீழ்வரிசைக்குச் சற்று வெளியே, மூடிபோல் அமர்ந்திருக்கும். அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் என்பவர் 1899ஆம் ஆண்டில் கடிப்பொருத்தத்தை மூன்று வகையாகப் பிரித்தார். மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன்முகடு, கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் வெளிப்பக்கப் பள்ளத்துக்கு நேராக விழுகிறதா என்பதுதான் அவர் பார்த்த அடையாளம். இன்றும் அந்த வகைப்பாடு வழக்கில் உள்ளது. கடைவாயில், மேல்பல்லின் உட்பக்க முகடுகளும் கீழ்ப்பல்லின் வெளிப்பக்க முகடுகளும் எதிர்ப்பல்லின் குழிகளில், அம்மியில் குழவி உட்காருவதுபோல் அல்ல, உரலில் உலக்கை இறங்குவதுபோல் அமர்கின்றன. சுமையைத் தாங்குபவை இந்த முகடுகள். சுமை நேர் கீழாக வேரின் அச்சு வழியே இறங்கினால் அந்த நார்ச்சவ்வு அதை எலும்புக்குப் பரப்பிவிடும்.

இப்போது பற்களைத் தொட்டபடியே கீழ்த்தாடையை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். பெரும்பாலோருக்கு வலப்பக்கக் கோரைப்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உரசி, கடைவாய்ப் பற்கள் எல்லாம் பிரிந்து நிற்கும். சிலருக்குக் கோரைப்பல்லோடு பக்கத்துப் பற்களும் சேர்ந்து சுமையைப் பகிரும், அதுவும் இயல்பே. முன்புறம் நகர்த்தினால் முன்பற்கள் தொட்டு, பின்பற்கள் பிரியும். அழுத்திக் கடிக்கும்போது பின்பற்கள் முன்பற்களைக் காக்கின்றன; உரசி நகரும்போது முன்பற்கள் பின்பற்களைக் காக்கின்றன. இது ஏன் இப்படி? பாக்குவெட்டியில் பாக்கைக் கீலுக்கு அருகே வைத்தால் எளிதில் வெட்டுகிறது, நுனியில் வைத்தால் வழுக்குகிறது. தாடைக்கும் கீல் காதுக்கு முன்னால் இருக்கிறது. (விரலை அங்கே வைத்து வாயைத் திறந்தால், கீல் முதலில் சுழல்வதையும் பிறகு முன்னால் வழுக்குவதையும் உணரலாம்.) கீலுக்கு அருகில் உள்ள கடைவாயில் முழுப் பலத்தோடு கடித்தால் 50, 60 கிலோ வரை விழும். அவ்வளவு பலம் பக்கவாட்டில் விழுந்தால் முகடு தெறிக்கும் அல்லது வேர் பிளக்கும். தூரத்தில் இருக்கும் கோரைப்பல்லில் பலம் குறைவு, வேரோ நீளம். பக்கச்சுமைக்கு இயற்கை அதைத்தான் நியமித்திருக்கிறது.

ஆகவே புதிய கேப்புக்கு இரண்டு பரீட்சைகள். நேராகக் கடிக்கும்போது மற்ற பற்களோடு ஒரே சமயத்தில், ஒரே அளவில் தொட வேண்டும். பக்கத்தில் நகரும்போது குறுக்கே நிற்கக் கூடாது. முதல் பரீட்சையை எல்லா டாக்டரும் வைக்கிறார்கள். இரண்டாவதை அவசரத்தில் சிலர் விட்டுவிடுகிறார்கள்.

என் கேப்பில் அதுதான் விட்டுப்போயிருந்தது. போட்ட நாலாம் நாள் அந்தப் பல்லால் மெல்லும்போது கூசுவதுபோல் ஒரு நோவு, காலையில் எழுந்தால் காதோரத் தசையில் வலி. கூழே இல்லாத பல்லில் நோவு எப்படி? முன்னே சொன்ன நார்ச்சவ்வு அங்கேயேதான் இருக்கிறது. பற்களுக்கு நடுவே 20 மைக்ரான் தடிப்புள்ள தாளைக்கூட அது உணர்ந்துவிடும்; தலைமுடியின் தடிப்பே சுமார் 70 மைக்ரான். கேப் உயரமாக இருந்தால் மற்றப் பற்கள் சேருமுன்பே முழுச்சுமையும் அந்த ஒரு சவ்வின்மேல். ரூட் கெனால் கெட்டுவிட்டது என்று பலர் இந்த நிலையில்தான் பயந்து போகிறார்கள்.

திரும்பப் போனேன். டாக்டர் நீல நிறத் தாளைப் பற்களுக்கு நடுவே வைத்து "தட்டுங்கள்" என்றார். பிறகு சிவப்புத் தாளை வைத்துப் பக்கவாட்டில் உரசச் சொன்னார். எனக்கு ஒர்க்ஷாப்பே கண்முன் வந்தது. வெள்ளை உலோகப் பேரிங்கை அச்சில் பொருத்தும்போது, எங்கள் ஃபிட்டர்கள் அச்சில் பிரஷ்யன் புளூ தடவிச் சுழற்றி, நீலம் ஒட்டிய மேடுகளைச் சுரண்டுவார்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. மிக அதிகமாக அழுந்திய இடத்தில் நீலம் துடைக்கப்பட்டு நடுவில் உலோகம் பளிச்சென்று தெரியும், சுற்றிலும்தான் நீல வளையம். பல்லிலும் அதே வளையம்! பெரிய கறையைப் பார்த்துத் தேய்த்துவிடக் கூடாது, நடு வெளுத்த வளையத்தைத்தான் தேட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, எங்கள் சார்ஜ்மேனே பேசுவதுபோல் இருந்தது. என் கேப்பில் அந்த வளையம் உட்சரிவில், சிவப்பில் விழுந்திருந்தது. இரண்டு நிமிட வேலை. கூச்சம் மூன்று நாளில் போயிற்று.

மேட்டைத் தேய்த்த பிறகு 8 மைக்ரான் தடிப்புள்ள ஒரு தகட்டை நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்லி இழுத்துப் பார்க்கிறார்கள். எங்கள் ஃபீலர் கேஜ்தான். தகடு சிக்கிக்கொண்டால் பல் தொடுகிறது. வழுக்கி வந்தால் அதிகமாகத் தேய்த்தாயிற்று. அதிகம் தேய்த்தால் என்ன, நோவாவது இல்லையே என்று நினைக்க வேண்டாம். சுமை பக்கத்துப் பற்களுக்குப் போகும். தொடாமல் நிற்கும் எதிர்ப்பல் நாளடைவில் தானாக நகர்ந்து இறங்கும், இறங்கும்போது நேராக இறங்கும் என்று உத்தரவாதம் இல்லை.

மரப்பு ஊசி போட்டிருக்கும்போது உங்கள் கடி இயல்பாக இராது. மரப்பு தெளிந்தபின் ஒரு தடவை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கடித்துக் காட்டுங்கள். ஜிர்கோனியா அல்லது பீங்கான் கேப்பை வாயில் தேய்த்துச் சரிசெய்தால், அந்த இடத்தை மறுபடி வழவழப்பாக மெருகிட்டார்களா என்று கேளுங்கள். சொரசொரப்பாக விட்டால் அது எதிர்ப்பல்லின் எனாமலை அரம்போல் ராவிவிடும். செலவுதான் தடை என்றால், அரசு, மாநகராட்சிப் பல் கல்லூரிகளில் விசாரிக்கலாம்: இங்கே நாக்பூரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி, மும்பையில் நாயர் மருத்துவமனைப் பல் கல்லூரி, டில்லியில் மௌலானா ஆசாத் பல் கல்லூரி, கொல்கத்தாவில் ஆர். அகமது பல் கல்லூரி. கொல்கத்தாக் கல்லூரி 1920ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. நேரம் அதிகம் பிடிக்கும், வேலை பொறுமையாக நடக்கும்.

கடைசியாக, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள். மெல்லுவதிலும் விழுங்குவதிலும் பற்கள் ஒன்றையொன்று தொடும் நேரம், நாள் முழுதும் கூட்டினாலும் சொற்பந்தான். இரவில் கடிப்பவருக்கு அந்தக் கணக்கு தலைகீழாகும். அதுவும் பக்கவாட்டுச் சுமையாக. எனக்கும் அந்தப் பழக்கம் உண்டென்று என் மனைவி முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறாள். டாக்டர் மேல்வரிசைக்கு அக்ரிலிக்கில் ஒரு கவசம் செய்து கொடுத்தார். படுக்கும்போது மாட்டிக்கொள்கிறேன். இப்போது மாட்டுவது இரண்டாவது. முதலாவதில் கேப் போட்ட பல்லுக்கு நேராக இரண்டு ஆண்டுகளில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. மைக்ரோமீட்டரில் அளந்தால் முக்கால் மில்லிமீட்டர். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பார்க்க விரும்பும் அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை சங்க நூலகத்தில் என்னைக் கேட்டால் காட்டுகிறேன்.